பகலுக்கும் இரவுக்கும் நடுவே எத்தனை டிகிரி?

எந்த ஊரின் வானிலையைப் பார்த்தாலும் நான் முதலில் போடுவது ஒரு கழித்தல் கணக்கு. அன்றைய அதிகபட்ச வெப்பநிலையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழிப்பேன். பல வருடப் பழக்கம் இது. சராசரி 25 டிகிரி என்று போட்டிருந்தால் அதை வைத்து அந்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது. பகலில் 28, இரவில் 22 என்று இருக்கும் ஊருக்கும் சராசரி 25தான், பகலில் 35 வரை காய்ந்து விடியற்காலையில் 15க்கு இறங்கிப் போர்வையைத் தேட வைக்கும் ஊருக்கும் அதே 25தான்.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவையும் சாக்ரமெண்டோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் இரண்டு மணி நேரம் போனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஜூலை மாதத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பகல் சுமார் 19, இரவு 12, ஆக இடைவெளி 7 டிகிரி. சாக்ரமெண்டோவில் பகல் 34, இரவு 16, ஆக 18 டிகிரி. இரவுகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் முழுக்கப் பகலில்தான். முதல் ஊரின் வாசலில் குளிர்ந்த பசிபிக் கடல் இருக்கிறது, மூடுபனியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் சூடாக நிறைய வெப்பம் வேண்டும், ஆறவும் நேரம் பிடிக்கும், அதனால் கடலோரக் காற்று பகலில் அதிகம் ஏறுவதுமில்லை, இரவில் அதிகம் இறங்குவதுமில்லை. காய்ந்த மண்ணோ மேல்பரப்பில் மட்டும் சட்டென்று சுட்டு, சட்டென்று ஆறிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இரவு. சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. காற்றில் நீராவி நிறைய இருந்தால் அந்தக் கதிர்களில் பெரும்பகுதியைப் பிடித்து மறுபடியும் கீழே அனுப்பிவிடும், மேகம் இருந்தால் இன்னும் அதிகமாக. அப்புறம் பனிநிலை என்று ஒன்று இருக்கிறது, அதாவது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. காற்று அதுவரை குளிர்ந்துவிட்டால் நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளியிடுவதால் அதற்குமேல் இறங்குவது மிக மெதுவாகிவிடும். அதனால் காற்று மாறாத, தெளிந்த வானமுள்ள மாலையில் பனிநிலையைப் பார்த்தாலே மறுநாள் விடியற்காலை எதுவரை இறங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன், பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. சிங்கப்பூரில் பனிநிலை வருடம் முழுக்க 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, அதனால் இரவும் அங்கேயே நின்றுவிடுகிறது, இடைவெளி சுமார் 7 டிகிரிதான். ரியாத் மாதிரி வறண்ட ஊரில் பனிநிலை அடியில் எங்கோ கிடக்கும், வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய் அதைத் தொடும் முன்பே விடிந்துவிடும்.

ஒரே ஊரிலேயே இதைப் பார்க்கலாம். டெல்லியில் ஆகஸ்டில் பகல் 34, இரவு 26 என்று 8 டிகிரி இடைவெளி. நவம்பரில் பகல் 28, இரவு 13, இடைவெளி 15. ஊர் அதேதான், காற்றில் இருக்கும் தண்ணீர்தான் மாறிவிட்டது.

உயரமான இடம் என்றாலே பகலிரவு வித்தியாசம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள், அது பாதி சரி. உயரமான பீடபூமியில் அதிகம்தான், அங்கே காற்றும் நீராவியும் குறைவு. ஆனால் மலை உச்சியில் அப்படி இல்லை, அங்கே குளிர்ந்த காற்று தங்காமல் சரிவில் வழிந்து கீழே பள்ளத்தாக்கில் தேங்குகிறது, நடுங்குவது பள்ளத்தாக்கு ஊர்தான். நிலநடுக்கோட்டை ஒட்டி, மலைகளுக்கு நடுவே உயரத்தில் இருக்கும் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவையும் சொல்ல வேண்டும். வருடத்தின் எந்த மாதத்தை எடுத்தாலும் அங்கே சராசரி ஒரு டிகிரிகூடப் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் தினமும் பகலுக்கும் இரவுக்கும் நடுவில் 9, 10 டிகிரி. பருவகாலமே அங்கே ஒரு நாளுக்குள் வந்துபோகிறது.

சரி, நகரம் என்ற ஒன்றே இந்த இடைவெளியைச் சுருக்குகிறது. மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட் 1800களின் தொடக்கத்திலேயே லண்டனுக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்த்தார். இரவில் நகரம் சுமார் 2 டிகிரி கூடுதல் வெப்பமாக இருந்தது, பகலில் துளி குறைவாகக்கூட இருந்தது. சுவரும் சாலையும் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் விடுகின்றன, குறுகலான தெருவுக்கு அந்த வெப்பத்தை அனுப்ப வானமும் கொஞ்சம்தான் தெரிகிறது. போதாததற்கு, 1950க்குப் பிறகான சில பத்தாண்டுகளில் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலை விட இரவுதான் வேகமாகச் சூடேறியது.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. 1995 ஜூலையில் சிகாகோவில் வந்த வெப்ப அலையில் சில நாட்களுக்குள் 700 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். பகல் வெப்பம் மட்டும் காரணம் இல்லை. ஈரப்பதம் அதிகமாக இருந்தது, இரவிலும் வெப்பம் இறங்கவில்லை, உடம்பு ஆறுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அதனால்தான் செய்தியில் “இன்று 42 டிகிரி” என்று பகல் உச்சத்தை மட்டும் சொல்லி முடித்துவிடும்போது எனக்குக் கோபம் வருகிறது. அன்று இரவு 24க்கு இறங்கியதா, 32லேயே நின்றுவிட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல இன்னும் ஒரே ஒரு எண் போதும்.