பாயின்ட்லெஸ் போட்டிக்குப் போன கதை

பிபிசியின் 'பாயின்ட்லெஸ்' வினாடி வினாவுக்கு இருவர் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். என் மகன் என்னை ஜோடி சேர்த்ததற்குப் பாசம் காரணமல்ல. அரசுத் தேர்வுக்காக நாடு, தலைநகரம், நாணயம் என்று ஒரு காலத்தில் உருப்போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

2009-இல் தொடங்கிய இந்தப் போட்டியின் விதியே தலைகீழ். கேள்வியை முன்கூட்டியே 100 பேரிடம் கேட்டு, ஒவ்வொருவருக்கும் 100 வினாடி கொடுத்திருப்பார்கள். நாம் சொல்லும் விடையை அவர்களில் எத்தனை பேர் சொன்னார்களோ அதுதான் நம் மதிப்பெண். கூடுதலாக எடுத்தவர்கள் வெளியே போக வேண்டும். சரியான விடையாக இருந்தும் ஒருவருமே அதைச் சொல்லவில்லை என்றால் பூஜ்யம். அதைவிடச் சிறந்தது இல்லை. தவறான விடைக்கு 100. ஊரறிந்ததைச் சொன்னால் தோல்வி என்பதால், வேறு நாட்டில் படித்து வளர்ந்தவளுக்கு இது வாகான ஆட்டம் என்று கணக்குப் போட்டோம்.

இதைத் தயாரிப்பது ரிமார்க்கபிள். முன்பு எண்டமால் என்ற தொலைக்காட்சித் தயாரிப்புக் குழுமத்தில் இருந்து, இப்போது பனிஜே என்ற குழுமத்தின் கீழ் இருக்கும் நிறுவனம். விண்ணப்பத்தில் அறிவைச் சோதிக்கும் கேள்வியைவிட நம்மைப் பற்றிய கேள்விதான் அதிகம்: என்ன வேலை, வேடிக்கையான அனுபவம் உண்டா, பரிசுப் பணத்தை என்ன செய்வீர்கள். "வீட்டுக் கடன் என்று மட்டும் எழுதாதே அம்மா" என்றான் மகன். அவன் சொன்னது சரி. முக்கால் மணி நேர நிகழ்ச்சியில் பாதி பேச்சுதான். தொகுப்பாளர் அலெக்ஸாண்டர் ஆம்ஸ்ட்ராங் கேட்டால் நான்கு வாக்கியமாவது சுவையாகச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

காணொளி வழியாக நடந்த தேர்வில் வேறு சில ஜோடிகளும் இருந்தார்கள். சிறிய பொது அறிவுத் தாள் ஒன்று, பிறகு ஒத்திகை ஆட்டம். கடற்கரை இல்லாத ஆப்பிரிக்க நாடு ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் ஆடியவர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்றார். இந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் எல்லாரும் மடியில் கட்டி வைத்திருக்கும் விடை அது. நான் புர்கினா ஃபாசோ என்றேன். கையோடு தலைநகரம் வாகடூகு என்பதையும் சொல்லிவைத்தேன். யாரும் கேட்கவில்லைதான், ஆனால் ரிசர்ச்சர் பெண் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டார்.

பல மாதம் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு நாள் அழைப்பு வந்தது. ஒரே நாளில் பல நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதால் மாற்றுடைகள் கொண்டுவரச் சொன்னார்கள். மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் கேமராவில் நெளியும், நிறுவனச் சின்னம் கூடவே கூடாது. ஒற்றை நிறப் பருத்திப் புடவைகளாக எடுத்துக்கொண்டேன். படப்பிடிப்பு நடக்கும் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ வளாகம் உண்மையில் இருப்பது போரம்வுட் என்ற ஊரில். மைக்கின் பெட்டியைப் புடவையில் எங்கே செருகுவது என்று ஒலிப் பணியாளர் தயங்கினார். இடுப்புக் கொசுவத்துக்குப் பின்னால் நானே செருகிக்கொண்டேன்.

முதல் சுற்றைத் தாண்டினோம். இரண்டாவது சுற்றில் 1980-களின் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்கள். அப்போது நான் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தில். மகன் பிறக்கவே இல்லை. அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழுந்த 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' பெயரைச் சொன்னேன். மதிப்பெண்ணைக் காட்ட நூறிலிருந்து இறங்கும் தூண் அறுபதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த தொடர் அது.

புது ஜோடிக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. அடுத்த நிகழ்ச்சியில் நேருக்கு நேர் மோதும் சுற்றுவரை வந்து தோற்றோம். பணம் இல்லை. ஆயிரம் பவுண்டில் தொடங்கி, யாரும் வெல்லாதபோதெல்லாம் இன்னோர் ஆயிரம் சேரும் அந்தத் தொகை கடைசிச் சுற்றில் ஆடுபவர்களுக்குத்தான். நாங்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்தோம். இறுதிச் சுற்றுத் தலைப்புகளில் ஒன்றாக இந்திய மாநிலங்கள் வந்தது. எங்களை வென்ற ஜோடி அதைத் தொடவே இல்லை. பாடகர் டேவிட் போவியின் பாடல்களை எடுத்தார்கள். திரிபுரா, மிசோரம், மேகாலயா என்று நான் அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, மைக் இன்னும் கழற்றவில்லை" என்றான் மகன்.