ஆமைக்குக் குடற்புழு: மருந்து பாதி, கூண்டு பாதி

எங்கள் நில ஆமையின் மலத்தில் வெள்ளை நூல்போலப் புழுக்கள் நெளிந்தன. தீனி குறையவில்லை, ஆனால் எடை இறங்கிக்கொண்டே வந்தது. நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் ஆமை பழக்கமில்லை என்பதால், ஊர்வனவற்றைப் பார்ப்பவராக விசாரித்துப் போனேன். அவர் முதலில் எச்சரித்தது ஐவர்மெக்டின் பற்றி. மற்ற விலங்குகளுக்குச் சாதாரணமாகத் தரப்படும் இந்தப் புழு மருந்து ஆமையை முடக்கிக் கொன்றுவிடும். ஆமை வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அன்றைய மலத்தை உலராமல் மூடிய டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். நுண்ணோக்கியில் நீள்வட்ட முட்டைகள் மொய்த்துக் கிடந்தன. கீரிப்பூச்சி வகை என்றார். கொஞ்சம் இருந்தால் ஆமைக்குக் கெடுதல் இல்லையாம், பெருகினால்தான் தொல்லை. ஆமையை கிராம் கணக்கில் எடைபோட்டு, அதற்கேற்ற அளவில் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்துத் திரவத்தை மெல்லிய குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் செலுத்தினார். தலையை உள்ளிழுத்துக்கொண்ட ஆமையிடம் நாம் மல்லுக்கட்டினால் தாடைதான் காயப்படும். இலையில் தடவித் தரலாம்தான், ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை தரப்பட்டது.

உண்மையான உழைப்பு கூண்டில்தான். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் மண்ணில் கிடந்து, தீனியோடு மறுபடி வயிற்றுக்குள் போய்விடுகின்றன. மண்ணை முழுவதும் அள்ளிக் கொட்டிவிட்டுக் காகிதம் விரித்தேன். மலம் கண்ணில் பட்டதும் எடுத்தேன், தீனியைத் தட்டில் மட்டுமே வைத்தேன். சாதாரணக் கிருமிநாசினிக்கு இந்த முட்டைகள் எளிதில் சாவதில்லை. அதனால் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் கொதிநீர். தினமும் ஆமையை வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தேன். அதிலேயே நீர் குடிக்கும், மலமும் கழிக்கும். கூண்டு அவ்வளவுக்கு அசுத்தமாகாது. அந்த நீரைக் கூண்டுக்கு வெகுதூரத்தில் கொட்டினேன்.

மறுபரிசோதனையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில முட்டைகள் இருந்தன. மனம் கேட்காமல், இன்னொரு வேளை மருந்து தரலாமா என்றேன். வேண்டாம் என்றார்: இந்த மருந்து மிகுந்தால் ஆமையின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், இந்தக் கொஞ்சப் புழுவை அதன் உடல் தாங்கிக்கொள்ளும். எடையும் ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த மலப் பரிசோதனைவரை மருந்து இல்லை, கொதிநீர் மட்டும் தொடர்கிறது.