ஜெலென்ஸ்கி நடித்த தொடர்

ஜூன் 7, சனி

உக்ரைன் தொடர் 'மக்களின் ஊழியன்' ஆரம்பித்தாயிற்று. 2015-ல் வந்தது. இன்றைய உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கிதான் நாயகன், கோலோபொரோட்கோ என்ற வரலாற்று வாத்தியார். பாடம் நடக்கும்போது பிள்ளைகளைத் தேர்தல் வேலைக்கு எழுப்பிக்கொண்டு போகிறார்கள். கணக்கு வகுப்பில் இப்படிக் கைவைப்பீர்களா என்று மனிதர் கொதித்து, அரசியல்வாதிகளை வண்டை வண்டையாகத் திட்டுகிறார். ஒரு மாணவன் அதை ஜன்னல் வழியாகப் படம்பிடித்துப் பரப்பிவிடுகிறான். அப்புறம் பார்த்தால் பிரதமரே வீட்டு வாசலில் வந்து நின்று "அதிபரே" என்கிறார்.

சப்டைட்டிலோடுதான் பார்க்கிறேன். திட்டுகிற இடத்துக்கு அது தேவைப்படவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இரவில் கீவ் நகரைப் பார்த்தபடி மூன்று பெரும்பணக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். முகம் தெரியாது, தட்டும் கையும் பேச்சும்தான். யாரை அதிபராக்கலாம் என்று பேரம். நல்ல காட்சி. ஆனால் தொடரை ஒளிபரப்பிய 1+1 சேனல் கொலோமொய்ஸ்கி என்ற பெரும்பணக்காரருடையது. அவர் 2023-ல் மோசடி வழக்கில் கைதானார், ஜெலென்ஸ்கி ஆட்சியிலேயே. இதை எந்தக் கதாசிரியர் எழுதியிருந்தாலும் ஓவர் என்றிருப்போம்.

ஜூன் 11, புதன்

அப்போதைய ஜெர்மன் சான்சலர் மெர்க்கெல் போன் செய்கிறார்: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்த்துக்கொண்டோம், வாழ்த்துகள்! வாத்தியார் துள்ளிக் குதிக்கிறார். உக்ரைனா? மன்னிக்கணும், மொண்டெனேக்ரோவுக்குப் போட்ட போன் இது. விழுந்து விழுந்து சிரித்தேன். நிஜத்தில் உக்ரைன் விண்ணப்பித்தது 2022 பிப்ரவரி 28, போர் தொடங்கிய ஐந்தாம் நாள். அந்த மொண்டெனேக்ரோவும் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாம் பாகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. நாடு துண்டு துண்டாகிறது, வாத்தியார் வந்து ஒட்டவைக்கிறார். ஒளிபரப்பானது 2019 மார்ச் கடைசியில், நிஜ அதிபர் தேர்தலின் முதல் சுற்று வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னால். ஜெலென்ஸ்கியின் கட்சிக்கும் தொடரின் பெயரேதான். இதை நையாண்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிரசாரம்.

நடிகர் நாற்காலிக்கு வருவது நமக்குப் பழகிய கதைதான். ஆனால் எம்.ஜி.ஆர். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்து, முதல்வரானது 1977-ல். ஜெலென்ஸ்கி 2018 டிசம்பர் 31 இரவு போட்டியிடுவதாகச் சொல்லி, ஏப்ரலில் 73 சதவீத வாக்கு வாங்கிவிட்டார். தொடரில் வரும் வாத்தியாரிடம் கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை, நல்லவர், அவ்வளவுதான். மூன்று பாகத்திலும் எதிராளிகள் கேலிக்கு ஆளாகிறார்கள். அவரைப் பார்த்து "சரி, எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்க ஒரு பாத்திரமாவது எழுதியிருக்கலாம்.