ஸ்டாக்: ஒன்று

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடைக்கு இணையக் கடை போட்டுக்கொடுக்கும் வேலை வந்தபோது, மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் செய்தது செருப்பு, செல்போன் உறை மாதிரியான சரக்குகளுக்கு. ஒரு படம், ஒரு விலை, ஸ்டாக் 200 என்று ஏற்றினால் அந்தப் பொருளுக்கான வேலை முடிந்தது. இங்கே கடைக்கார ஆச்சி முதல் நாளே 43 சேலைகளை எடுத்துப் பாயில் வைத்தார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. நிறம் ஒத்துப்போனால் கரை வேறு, கரை ஒத்துப்போனால் கட்டத்தின் அளவு வேறு. மூன்று வாரக் கணக்கு அங்கேயே போயிற்று.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வெளியூரிலிருந்து போனில் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆச்சி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, அவர்கள் பணம் அனுப்பி, முகவரி வாங்கி என்று ஒரு சேலைக்கு அரை நாள் ஓடியது. ஆகஸ்ட் 7 கைத்தறி நாள். 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கத்தை அறிவித்த நாள் அது. அன்றைக்கே கடையைத் திறந்துவிட வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை.

படம் எடுப்பதில்தான் அதிக நாள் போனது. கடையின் டியூப் லைட்டில் எடுத்தால் அரக்கு நிறம் செத்துப்போய்க் காப்பித்தூள் மாதிரி வந்தது. வெயிலில் எடுத்தால் தக்காளிச் சிவப்பு. கடைசியில் ஆச்சியின் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், காலை பத்து மணிக்கு நேர்வெயில் விழாத தூண் ஓரமாகக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் திறந்து, சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்னக் கட்டம் போட்ட சேலைகளில் வேறொரு தொல்லை. படத்தைச் சுருக்கியதும் கட்டங்கள் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலைகள் தெரிந்தன. அவற்றுக்கு முழுச் சேலையைக் காட்டாமல் கரையும் உடலும் சேரும் இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து முதல் படமாக வைத்தோம். அது எனக்கு இன்னமும் பிடித்திருக்கிறது. கடையில் சேலையைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கும் இடமும் அதுதான்.

ஒரு மஞ்சள் சேலையில், முந்திக்கு ஒரு சாண் கீழே சின்ன முடிச்சு இருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்து, தறியிலேயே முடிந்து ஓட்டியிருக்கிறார்கள். நான் வேறு பக்கமாக மடித்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“கடைக்கு வர்றவங்ககிட்ட நானே தொட்டுக் காமிச்சுத்தான் தம்பி குடுப்பேன். தொட முடியாதவங்களுக்கு நீங்க காமிக்கணும்ல?” என்றார் ஆச்சி.

அந்த முடிச்சைத் தனியாகப் படம் எடுத்து ஏற்றினேன். அப்புறம் ‘நிறம் சற்று மாறலாம்’ என்று எல்லாச் சேலைக்கும் பொதுவாக எழுதி வைத்திருந்த வரியை அழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுதினேன். ரவிக்கைத் துணி உண்டா, கஞ்சி எவ்வளவு, முதல் துவைப்பில் சாயம் விடுமா, எத்தனை அங்குலக் கரை. 43 சேலைக்கு நான்கு நாள். அந்த நான்கு நாளும் வீணில்லை என்றே நினைக்கிறேன்.

பார்சல் கணக்கு சீக்கிரமே புரிந்துவிட்டது. முதலில் வாங்கிய அட்டைப்பெட்டி 35 × 30 × 8 சென்டிமீட்டர். கூரியர்காரர்கள் கணக்கில் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 1.68 கிலோ. சேலையோ முக்கால் கிலோகூட இல்லை. கூரியரில் பெட்டி அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு. துணிப்பையில் மடித்து உறையில் போட்டதும் செலவு இறங்கியது.

திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் சோதனை ஆர்டர் போட்டோம். நானும் ஆச்சியின் மகளும் ஒரே நேரத்தில், வேண்டுமென்றே ஒரே அரக்குச் சேலையை எடுத்தோம். இரண்டு பேருக்கும் பணம் போயிற்று, இரண்டு பேருக்கும் ‘ஆர்டர் உறுதியானது’ என்று வந்தது. இருப்பது ஒரே சேலை. பணம் கட்டி முடித்த பிறகுதான் ஸ்டாக்கைக் குறைக்கும்படி நான் அமைத்திருந்தேன். 200 செருப்பு இருந்தபோது இந்தப் பிழை என் கண்ணில் பட்டதே இல்லை. வயிறு கலங்கிவிட்டது. அன்று இரவு முழுக்க உட்கார்ந்து, யாராவது பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதுமே அந்தச் சேலையை 15 நிமிடம் அவர் பேரில் ஒதுக்கி வைக்கும்படியும், அதற்குமேல் தாமதமாக வரும் பணம் தானாகத் திரும்பும்படியும் மாற்றினேன். மறுநாள் நான்கு போன்களை வைத்துப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தபிறகே நிம்மதி.

இணைய விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். “கடைக்கு வந்தா என்கிட்டதானே கேப்பாங்க, என் பேரையே போடுங்க” என்றார்.

ஆகஸ்ட் 7 காலை எட்டு மணிக்குத் திறந்தோம். பதினோரு மணிக்குள் அந்த அரக்குச் சேலை போய்விட்டது. சற்று நேரத்தில் ஒரு போன். திருச்சியிலிருந்து ஒரு அம்மா, அதே சேலை இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். ஆச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அது ஒண்ணுதாம்மா. அதே தறியில இப்ப அதே கரையோட நீலம் ஓடிட்டிருக்கு. பத்து நாள் ஆகும், பரவாயில்லையா?”

அந்த அம்மா சரி என்றார். ஆச்சி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ‘ஸ்டாக்’ என்ற இடத்துக்குக் கீழே ‘தறியில்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்க ஆரம்பித்தேன்.