மகளோடு வாவிக்கரையில்

16.06.2024, ஞாயிறு

மகளுக்கு நாலரை வயது. கடை பூட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களும் இனி அவளுக்குத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். கிழமை நாட்களில் விடியமுதல் வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் வீடு வந்து சேர்வாள். ஞாயிறு காலையிலாவது அவளை நித்திரை கொள்ள விட்டுவிட்டு நாங்கள் இருவரும் புறப்படுவது எல்லோருக்கும் நல்லது.

இன்று கல்லடிப் பழைய பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தபிறகு பஸ், லொறி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. 1924இல் கட்டிய இரும்புப் பாலம் இந்த வருடம் நூறு வயதைத் தொட்டிருக்கிறது. இப்போது அது நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் உரியது. ஒரு பெரிய ஆள் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார். நாங்கள் காலை முழுவதும் அங்கேதான் நின்றோம். ஒவ்வொரு இரும்புச் சட்டத்தையும் அவள் தொட வேண்டும், ஒவ்வொரு இடைவெளியாலும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கம்பில் இருந்த நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்க, இவளும் கையை விரித்துக்கொண்டு அது பறக்கும்வரை அசையாமல் நின்றாள்.

தூண்டில்காரர் ஒருவரின் பேணிக்குள் இறால் இருந்தது.

"இது உயிரோட இருக்கா மாமா?"

"உயிரோட இருந்தாத்தான் மனே மீன் வரும்."

கொஞ்ச நேரம் பேணியையே பார்த்தாள். "அது இறாலுக்குத் தெரியுமா?"

"தெரியாது மனே" என்றார் அவர். சிரிக்காமல், பெரிய ஆளுக்குச் சொல்வது மாதிரியே சொன்னார். எனக்கு அந்த மனிசனைப் பிடித்துப்போனது.

நேர்சரியில் ரீச்சர் இந்த வாவியில் மீன் பாடும் என்று சொல்லியிருக்கிறார். பாலத்துக் கம்பியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எந்தப் பாட்டு அப்பா படிக்கும்?" என்றாள். பகலில் கேட்காது, போயா இரவில் தோணியில் போய்க் கேட்போம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

23.06.2024, ஞாயிறு

அப்பம்மாவைப் பார்க்க மண்டூருக்குப் போனோம். மோட்டார் சைக்கிளில் போனால் மண்முனைப் பாலத்தால் கடந்து படுவான்கரையாலேயே போய்விடலாம். ஆனால் அவளுக்குப் பாதையை, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை, காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆகவே கல்முனை பஸ்.

காத்தான்குடியில் தெரு நடுவே நிற்கிற பேரீச்ச மரங்களில் குலைகள் வந்திருந்தன. பறவைகள் கொத்தாமல் வலை கட்டியிருந்தார்கள். பேரீச்சம்பழம் பெட்டியில்தான் வரும் என்று நினைத்திருந்த பிள்ளை, பஸ் ஆரையம்பதி தாண்டும்வரை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். களுவாஞ்சிக்குடியில் இறங்கி ஆட்டோவில் குருமண்வெளித் துறை.

பாதையில் மோட்டார் சைக்கிள்கள், சைக்கிள்கள், அரிசி மூடை, ஒரு கூடை மரக்கறி, மண்டூர் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் உலகம் கிழக்குக் கரையான எழுவான்கரையோடு ஒட்டியிருந்தது இப்படியான பாதைகளால்தான். ஆசுப்பத்திரி, கடிதம், கலியாண வீடு எல்லாம் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வரும், போகும். 2014இல் மண்முனையில் பாலம் வந்தது பெரிய காரியம். இரவில் பிள்ளை பெற வலி வந்த பெண்ணை வைத்துக்கொண்டு கரையில் காத்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாதையே இருந்திருக்கலாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். என்றாலும் பாதை ஓடுகிற காலத்திலேயே மகள் அதில் ஒருதரம் போக வேண்டும் என்று நினைத்தேன். போய்விட்டாள். கரை கிட்ட வரும்போது, "இன்னொருக்கா போவோம், கிறுகிப் போவோம்" என்று ஒரே பிடி.

முருகன் கோயிலில் பூசை நேரம். பூசை செய்கிற கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார்.

"அப்பா, அவருக்குப் பல்லு வலியா?"

மந்திரம் சொல்லாமல், பேசாமல் செய்கிற பூசை இது, கதிர்காமத்திலும் இப்படித்தான் என்று காதுக்குள் சொன்னேன். உடனே தன் வாயையும் கையால் பொத்திக்கொண்டாள். அப்பம்மா வீட்டுப் படலைவரை எடுக்கவில்லை. அங்கே சட்டியோடு எருமைத் தயிரைக் கண்டதும்தான் கை இறங்கியது.

27.06.2024, வியாழன்

காய்ச்சல். மல்லி அவித்த தண்ணீர், கஞ்சி, நித்திரை. மாமி (மனைவியின் அம்மா) பக்கத்தில் இருந்து விசிறினா. பின்னேரம் கொஞ்சம் தெளிந்ததும், அடுப்படிப் பலகையைக் கட்டிலில் ஏற்றி, அதுதான் பாதை என்று மாமியையும் பொம்மையையும் அக்கரைக்கு ஏற்றி இறக்கினாள்.

07.07.2024, ஞாயிறு

பாசிக்குடா. இந்தமுறை மனைவியும் வந்தாள். காலை கொழும்பு ரயிலில் வாழைச்சேனைக்கு டிக்கெட் எடுத்தோம். மகளுக்கு அரை டிக்கெட். தனக்கென்று ஒரு டிக்கெட் வாங்கியது இதுதான் முதல்தடவை; அதை யாரிடமும் கொடுக்கவில்லை, இறங்குமட்டும் கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

ரயிலில் யன்னல் பக்கம் இருப்பது சரி, தலையையும் கையையும் வெளியே நீட்டுவதில்லை என்று ஏறுமுதலே பேசி வைத்தோம். ஓடுகிற ரயிலில் பிள்ளையோடு சண்டை பிடிக்கிறதைவிட, நிற்கிற இடத்தில் சொல்லி வைப்பது எவ்வளவோ மேல். ஏறாவூர் தாண்டி வயலும் பற்றைக்காடும் மாறி மாறி வந்தன. மயில் கண்டாள். மாடு கண்டாள். மாட்டுக்குத்தான் கூடக் கை காட்டினாள்.

கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற இந்த மாதங்களில், காலை வேளையில் பாசிக்குடாக் கடல் அலையே இல்லாமல் கிடக்கும். வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேலே தண்ணீர் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கரையோரத்திலேயே இதைவிட நல்ல கடல் எனக்குத் தெரியாது. ஆனால் ஆழமில்லை என்பதற்காகப் பெற்றோர் கரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை இன்றும் கண்டேன். நாலு வயதுப் பிள்ளை மூழ்க முழங்கால் தண்ணீரே போதும். விழுந்தால் சத்தம் போடாது, சத்தம் போடத் தெரியாது. கை எட்டும் தூரத்தில் ஒரு பெரிய ஆள் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். நாங்கள் முறை வைத்து நின்றோம்.

பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. பிள்ளைக்கு உடுப்பு மாற்ற, ஒண்டுக்குப் போகச் சுத்தமான ஓர் இடம் தேடித்தான் களைத்துப்போனோம். வெளிநாட்டுக்காரர் தேடி வருகிற கடற்கரையில், ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நல்ல கழிப்பறையும் ஒரு நிழல் மரமும் கேட்பது பெரிய கேள்வி இல்லை. யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் தெருவோரத்தில் பாலைப்பழம். ஒரு சுண்டு வாங்கினோம். தேன் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கு அதன் பால்தான் பிடித்தது. உதடு இரண்டும் ஒட்ட, ஒட்டிய வாயோடு "ம்ம், ம்ம்" என்று கதைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டு ஆச்சி நல்லெண்ணெய் தடவினால் போய்விடும் என்றா. வீட்டில் தடவினோம், போனது.

14.07.2024, ஞாயிறு

கடையில் கணக்கு வேலை. எங்கும் போகவில்லை. பின்னேரம் பாலத்தடியில் மட்டும் கொஞ்ச நேரம்.

20.07.2024, சனி, போயா

வாக்கு வாக்குத்தான். மத்தியானமே நித்திரை கொள்ள வைத்தோம்.

தோணிக்காரர் எனக்குத் தெரிந்த அண்ணன். ஆனாலும் சிறு பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி அவரிடம் இல்லை. கேட்டுப் பார்த்த வேறு தோணிக்காரர்களிடமும் பெரியவர்களின் அங்கிதான். அதைப் பிள்ளைக்குப் போட்டால் தலையால் கழன்று போய்விடும். ஆகவே மச்சானிடம் சொல்லிக் கொழும்பிலிருந்து ஒன்று எடுப்பித்து வைத்திருந்தேன். வாவிக்கரையில் பிள்ளை வளர்க்கிற வீட்டில் புத்தகப் பையோடு அதுவும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்பது மணிக்குக் காற்று விழுந்தது. தண்ணீர் அசையவில்லை. பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கல் இருக்கிற இடத்தில் அண்ணன் தோணியை நிறுத்தினார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு முனையில் காதை வைக்கச் சொன்னார். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மரத்தில் காதை வைத்தால் சத்தம் கூடுகிறது என்பதை அவரும் சொல்கிறார். 1950களில் லாங் அடிகளார் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்து, அது வானொலியிலும் போனது. பாடுவது மீனா, அடியில் கிடக்கிற ஊரி என்கிற ஓட்டு உயிரியா என்ற பேச்சு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது. அண்ணன் ஊரி என்கிற கட்சி.

முதலில் நான் கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு, அடியில் எங்கேயோ மெல்லிய ரீங்காரம், விட்டு விட்டு. பாட்டு என்று சொல்ல வராது. சத்தம் என்று விட்டுவிடவும் மனம் வராது. மனைவி கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

மகளின் முறை. இப்படி ஒரு முகத்தோடு அவள் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. கடைசியில் சொன்னாள்:

"அம்மம்மா நித்திரை கொள்ற மாதிரி இருக்கு."

அண்ணன் தோணி ஆடுமளவுக்குச் சிரித்தார். தான் இத்தனை வருடம் கேட்டும் இதற்கு இவ்வளவு சரியான சொல் கிடைக்கவில்லை என்றார். வீட்டுக்கு வந்து மாமியை எழுப்பிச் சொல்லப் போனவளைப் பிடித்து நிறுத்தியதுதான் பெரும்பாடு.

அடுத்த மாதம் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போங்கள், பிள்ளைக்குப் பொது அறிவு வளரும் என்கிறார்கள் கடைக்கு வருகிற சிலர். போகலாம், போவோம். ஆனால் வீட்டு வாசலில் கிடக்கிற தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தன் காதால் கேட்டது அவளுக்கு முதல் பாடமாக இருக்கட்டும். சிங்கம் அங்கேயே நிற்கும்.

04.08.2024, ஞாயிறு

ஆடி அமாவாசை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அப்பா போனபிறகு நான் தவறவிடாத நாள்.

சனத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோவதா என்று மாமிக்குத் தயக்கம். என் போன் நம்பரை அவள் சட்டைக்குள் துணித் துண்டில் எழுதிக் குத்திவிட்டோம். விடியவே போனதால் குளக்கரையில் இடம் கிடைத்தது.

எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது கேட்டாள்: "அப்பப்பாவுக்குத் தண்ணி விடாய்க்குமா?"

என்ன சொல்வதென்று யோசித்தேன். "நாங்க நினைச்சுக்கொள்றம் எண்டு அவருக்குச் சொல்றது" என்றேன்.

"அப்ப நானும் சொல்லட்டா?"

என் கைக்குள் தன் கையை வைத்து இறைத்தாள். அவள் அப்பப்பாவைக் கண்டதில்லை. அவர் மண்டூர் வயலில் வரம்பு கட்டிய கதையும், என்னை அந்த நாளில் பாதையில் தோளில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்த்தத்துக்குக் கூட்டி வந்த கதையும் மட்டும் தெரியும். ஐயர் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு நன்றி.

பிறகு கச்சான் (நிலக்கடலை) கடை வரிசை. ஒரு சரை கச்சான், இரண்டு வளையல், அம்மம்மாவுக்கு என்று அவளே தெரிந்தெடுத்த ஒரு சீப்பு.

11.08.2024, ஞாயிறு

மருதமுனை. கடைக்கு வருகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரின் வீட்டில் கைத்தறி இருக்கிறது. "ஒரு நாளைக்கு மகளைக் கொண்டாங்க தம்பி" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியநீலாவணை வந்ததும் அம்பாறை மாவட்டம். வீட்டுப் படலையில் நிற்கும்போதே தறிச் சத்தம் கேட்டது.

மேலே சாரத்துக்கான பாவு நூல் நீளமாக இழுபட்டிருக்க, காக்கா மிதியை மிதிக்க நூல்கள் இரண்டாகப் பிரிய, நாடா நடுவால் ஓடி மறுபக்கம் போகிறது. மகள் முதலில் நாடாவைத்தான் பார்த்தாள். பிறகு காக்காவின் காலை. பிறகு மெதுவாகத் தறிக்குக் கீழே குனிந்து, மிதிக்கும் மேலே ஆடும் சட்டத்துக்கும் நடுவே என்ன கயிறு போகிறது என்று தேடினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்தக் கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டாள்.

காக்கா அவளை மடியில் இருத்தி, அவள் கைக்கு மேலே தன் கையை வைத்து, நாடாவை ஓடவிட்டார். நாலைந்து இழை. அதில் ஒன்று கொஞ்சம் தளர்ந்து போனது. "அது இருக்கட்டும் மனே, அது உங்கட இழை" என்று அப்படியே அடித்து இறுக்கினார். வீட்டு ராத்தா (அக்கா) பால்தேத்தண்ணியும் தொதலும் தந்தா. அந்தச் சாரம் நெய்து முடிய எடுத்து வைக்கும்படி சொல்லி, முன்பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்க மறுத்துவிட்டார். கிழமை நடுவில் தானே கடைக்குக் கொண்டு வருவாராம்.

பஸ்ஸில் வரும்போது, சாரத்தை யார் உடுப்பது என்பதில் வழக்கு. நானா, அவளா? இப்போதைக்கு அவள் பக்கம்தான் தீர்ப்பு.