இந்தியன் ஓபன் கோல்ஃப்: ஓர் அட்டவணை வளர்ந்த கதை

இந்தியன் ஓபன் போட்டியின் வெற்றியாளர்களை ஆண்டுவாரியாகத் தொகுக்க உட்கார்ந்தபோது, அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். இப்போது பதினொன்றாவது வாரம் நடக்கிறது. நான் கோல்ஃப் ஆடுபவன் அல்லன். தொலைக்காட்சியில் பார்ப்பவன், பழைய விளையாட்டுச் செய்திகளைச் சேகரிப்பவன், அவ்வளவுதான். கிரிக்கெட்டுக்குப் புள்ளிவிவரம் எழுதுவோர் நம்மிடையே ஏராளமாக இருக்கையில், அரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு தொழில்முறைக் கோல்ஃப் போட்டியின் வரலாற்றைத் தமிழில் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லையே என்ற குறைதான் என்னை இதில் இறக்கியது. இதுவரை செய்ததையும் செய்த பிழைகளையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் ஆண்டு, வென்றவர், நாடு, திடல் என்று நான்கே பத்திகளை நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். முதல் வரிசை எளிதாக அமைந்தது. 1964, ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன், டெல்லி. கோல்ஃபின் உச்சப் போட்டிகளுள் ஒன்றான பிரிட்டிஷ் ஓபனை அதற்குள் நான்கு முறை வென்றிருந்த ஒருவர், அப்போதுதான் பிறந்த ஒரு போட்டியில் ஆடி முதல் பட்டத்தைக் கொண்டுபோயிருக்கிறார். 1965இல் அவர் பிரிட்டிஷ் ஓபனை ஐந்தாம் முறையாகவும், 1966இல் இந்தியன் ஓபனை மீண்டும் ஒருமுறையும் வென்றார். பிறகு பத்தாண்டு இடைவெளி விட்டு, 1976இல், 46 வயதில் மூன்றாம் முறை வென்றதைப் பதிந்தபோது, ஆண்டைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று மறுபடி சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பின் திடலை 1970களில் திருத்தி அமைத்தவரும் அவரே. அந்தத் திடலின் நெருக்கமான பாதைகளையும், பந்து சற்றே விலகினாலும் அதை விழுங்கிவிடுகிற இருபுறத்து முட்புதர்களையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம், நீண்ட தூரம் அடிப்பதைவிடத் துல்லியமாக அடிப்பதையே பெரிதாகக் கருதிய ஒருவருடைய கை அதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது வரிசையிலேயே நான்கு பத்திகள் போதவில்லை. 1965இல் வென்றவர் இந்தியாவின் பி. ஜி. சேத்தி. ‘பில்லூ’ என்று அழைக்கப்பட்ட அவர் தொழில்முறை வீரர் அல்லர், அமெச்சூர். அதாவது பரிசுப் பணத்தைப் பெற முடியாதவர். இந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியரும், இன்றுவரை வென்றிருக்கும் ஒரே அமெச்சூரும் அவர்தான். 1961இல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டபோது கோல்ஃபுக்காக அதைப் பெற்றவரும் அவரே. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ‘அ’ போட்டு வைத்தேன். அந்தக் குறியை மறுபடி போட வேண்டிய தேவை அதன் பின் ஒருமுறைகூட ஏற்படவில்லை.

மூன்றாவது வாரத்தில் நோட்டை விட்டுவிட்டு எக்செலுக்கு மாறினேன். நாடுகளுக்கு நிறம் கொடுத்துப் பார்க்கும் ஆசைதான் காரணம். ஆனால், மாறிய முதல் நாளே ஒரு விபத்து நேர்ந்தது. போட்டி நடந்த தேதிகளுக்காகப் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்து, 2013ஆம் ஆண்டு நவம்பர் 7 முதல் 10 வரை என்பதைச் சுருக்கி ‘7-10’ என்று உள்ளிட்டேன். எக்செல் அதை ஒரு தேதியாகப் புரிந்துகொண்டு அக்டோபர் மாதத்துக்கு மாற்றிவிட்டது. அதைக் கவனிக்காமல் இருபது வரிசைகளுக்கு மேல் நிரப்பிவிட்டேன். 12க்கு மேற்பட்ட எண்கள் வந்த கட்டங்கள் மட்டும் நான் எழுதியபடியே நின்றதால், எது என் பிழை, எது கணினியின் திருத்தம் என்று பிரித்தறியவே ஒரு மாலை முழுவதும் போயிற்று. கட்டங்களை முன்கூட்டியே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது இத்தகைய அட்டவணை போடும் எவருக்கும் நான் சொல்லக்கூடிய முதல் செய்தி.

அடுத்த சிக்கல் பெயர்களில் வந்தது. 1970 முதல் இந்தியன் ஓபன் ஆசிய கோல்ஃப் சுற்றின் ஓர் அங்கமாக இருந்தது. அதாவது பிலிப்பைன்ஸ், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, தைவான், ஜப்பான் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு போட்டியாக ஆடிக்கொண்டே வீரர்கள் கூட்டமாக நகரும் ஒரு பயணத்தில் இந்தியாவும் ஒரு நிறுத்தம். ஆகவே தைவான் வீரர்களின் பெயர்கள் பட்டியலில் அடிக்கடி வருகின்றன. 1986இல் லூ ஷி சுவென், 1988இல் லூ சியன் சூன். முதற்பெயர் மட்டும் பதிந்திருந்த நான், இருவரையும் ஒருவராகக் கருதி, ‘இரு முறை வென்றோர்’ பட்டியலில் ஒரு ‘லூ’வைச் சேர்த்துவிட்டேன். தைவான் பெயர்களில் முன்னால் வருவது குடும்பப் பெயர் என்பதை மறந்ததன் விளைவு அது. அந்தப் பட்டியலில் நியாயமாக இடம்பெற வேண்டியவர்களுள் ஒருவர் ஜப்பானின் கென்ஜி ஹோசோயிஷி. 1967, 1968 என அடுத்தடுத்து வென்றவர். இன்னொருவர் 1971லும் 1973லும் வென்ற ஆஸ்திரேலியர் கிரஹாம் மார்ஷ். அவர் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் ராட் மார்ஷின் அண்ணன் என்று தெரிந்தபோது, கிரிக்கெட்டிலிருந்து தப்பித்து வந்தவனை அது பின்தொடர்ந்து வந்து பிடித்துக்கொண்டது போல இருந்தது.

நிறம் பூசிய பிறகுதான் அட்டவணை பேசத் தொடங்கியது. 1978 முதல் 1981 வரை நான்கு கட்டங்களும் ஒரே நீலம்: பில் பிராஸ்க், கேலார்ட் பர்ரோஸ், கர்ட் காக்ஸ், பெய்ன் ஸ்டூவர்ட் என நால்வரும் அமெரிக்கர்கள். தங்கள் நாட்டின் முதன்மைத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரில் இடம் கிடைக்காத இளைஞர்கள் ஆசியச் சுற்றுக்கு வந்து ஆட்டத்தைத் தீட்டிக்கொண்ட காலம் அது. ஸ்டூவர்டும் அப்படி வந்தவர்தான். 1981இல் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் வென்று ஊர் திரும்பிய அவர், பின்னாளில் உச்சப் போட்டிகளான இரண்டை, அதாவது 1989இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும், 1991லும் 1999லும் யு.எஸ். ஓபனையும் வென்றார். கடைசி வெற்றி கிடைத்த அதே ஆண்டு அக்டோபரில் விமான விபத்தில் இறந்துபோனார். இவை எல்லாம் பின்னர் நடந்தவை. என் அட்டவணையில் அவர் மற்ற மூவரைப் போலவே ஒரு நீலக் கட்டம்தான்.

இந்தியாவுக்கு நான் தேர்ந்த நிறம் காவி கலந்த மஞ்சள். 1965க்குப் பிறகு அந்த நிறம் கால் நூற்றாண்டுக்குக் கண்ணிலேயே படவில்லை. 1991இல்தான் மீண்டும் தோன்றுகிறது. அலி ஷேர், டெல்லித் திடலில் கேடியாகப் பை சுமந்து ஆட்டம் பழகியவர். இந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். 1993இல் அதே கோப்பையை மறுபடி எடுத்தார். அவர் பெயரைப் பதிந்தபோதுதான் ‘ஆட்டத்துக்கு எவ்வழியாக வந்தவர்’ என்று இன்னொரு பத்தியைச் சேர்த்தேன். என் அட்டவணையில் மிகவும் பயனுள்ள பத்தி எது என்று கேட்டால் இதையே காட்டுவேன். மொத்த ஸ்ட்ரோக் (பந்தை அடித்த எண்ணிக்கை; குறைவாக அடித்தவரே வெல்வார்), வித்தியாசம் முதலியவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

2025 வரை இந்தியர்கள் 13 முறை வென்றிருக்கிறார்கள். வென்றவர்கள் ஒன்பது பேர். அந்த 13இல் குறைந்தது ஆறு வெற்றிகள், திடலின் உறுப்பினர் வாயிலில் நுழையாமல் வேலைக்காரர் வாயிலில் நுழைந்தவர்களுடையவை. அலி ஷேர் இரண்டு, கேடியாகத் தொடங்கிய லக்னோவின் விஜய் குமார் 2002இல் ஒன்று, அதே வழியில் வந்த பெங்களூரின் முனியப்பா, 2009இல் ப்ளே ஆஃபில் (சமநிலையில் முடித்தவர்கள் ஆடும் கூடுதல் ஆட்டத்தில்) வென்றது ஒன்று, எஸ். எஸ். பி. சௌராசியா 2016, 2017 என இரண்டு. சௌராசியாவின் தந்தை ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவர். மறுபக்கம், 2000, 2006, 2007 என மூன்று முறை வென்று தாம்சனுக்குச் சமமாக நிற்கும் ஜோதி ரந்தாவாவும், 2015இல் வென்ற அனிர்பன் லாஹிரியும் ராணுவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 2013இல் வென்ற சித்திகுர் ரஹ்மான் வங்கதேசத்தவர் என்பதால் மஞ்சள் பெறவில்லை; ஆனால் டாக்காவில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கிய அவரை, இந்தப் பத்தி அலி ஷேருக்கு அருகே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

எட்டாவது வாரத்தில் ‘இரண்டாமிடம்’ என்ற பத்தியைச் சேர்த்தேன். நிரப்பச் சலிப்பூட்டும் பத்தி அது. பல ஆண்டுகளில் இரண்டாமிடத்தை மூவர், நால்வர் பகிர்ந்திருப்பார்கள். பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காது. பாதியில் விட்டுவிடலாம் என்றிருந்த நேரத்தில் சௌராசியாவின் பெயரை 1999இல் பார்த்தேன். பிறகு 2006இல், பிறகு 2013இல், பிறகு 2015இல். பதினாறு ஆண்டுகளில் நான்கு முறை ஒரே போட்டியில் இரண்டாமிடம். இவற்றுள் 2015தான் மிகக் கடுமையானது. கடைசி நாள் ஆட்டம் தொடங்கும்போது அவர் லாஹிரியைவிட ஏழு ஸ்ட்ரோக் முன்னால் இருந்தார். அன்று மாலை இருவரும் சமநிலையில் முடித்து, ப்ளே ஆஃபில் லாஹிரி வென்றார். மறு ஆண்டு அதே டெல்லித் திடலில் சௌராசியா வென்றார். அதற்கடுத்த ஆண்டு போட்டி குருகிராமில் தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் வடிவமைத்த டிஎல்எஃப் திடலுக்கு மாறியது. டெல்லியின் முட்புதர்ப் பாதைகளோடு எந்த ஒற்றுமையும் இல்லாத, மேடும் பள்ளமும் நிறைந்த அந்தத் திடலில் அவர் ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். வித்தியாசப் பத்தியில் ‘7’ என்று இட்டபோது, இரண்டு வரிசை மேலே 2015இன் குறிப்பிலும் அதே ‘7’ இருப்பதைப் பார்த்துச் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். வெற்றியாளர் பெயரை மட்டும் தொகுப்பதோடு நின்றிருந்தால் இந்தக் கதை முழுவதும் என் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு வெற்றிடமும் உண்டு. இந்தியாவின் மிகச் சிறந்த கோல்ஃப் வீரர்களுள் ஒருவரும், ஐரோப்பாவின் தொழில்முறைச் சுற்றான ஐரோப்பிய டூரில் உறுப்பினரான முதல் இந்தியருமான ஜீவ் மில்கா சிங்கின் பெயர் ‘வென்றவர்’ பத்தியில் எங்குமே இல்லை. தேடல் பெட்டியில் பெயரை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தும் வரவில்லை. வென்றதே இல்லை என்பதுதான் உண்மை.

எண்ணிக்கைக் கணக்கு எனக்கு இரண்டு நாள் தலைவலி கொடுத்தது. 1964 முதல் 2025 வரை எண்ணினால் 62 ஆண்டுகள். ஆனால் 2025இல் நடந்தது 58ஆவது போட்டி. கொரோனாவால் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகள் போட்டி நடக்கவில்லை என்பது நினைவில் இருந்தது. நான்காவது இடைவெளி எங்கே என்றுதான் புரியவில்லை. 1960களில் எங்கோ ஓர் ஆண்டு விடுபட்டிருக்கும் என்று ஊகித்துப் பழைய வரிசைகளையே மறுபடி மறுபடி பார்த்தேன். 2013 வரை எண்ணியபோது சரியாக 50 வந்தது. எனவே ஓட்டை அதற்குப் பிறகுதான். தேதிப் பத்தியைப் பார்த்ததும் விடை கிடைத்தது. 2013இன் போட்டி நவம்பரில் நடந்தது. அடுத்த போட்டி, ஐரோப்பிய டூரோடு முதன்முறையாக இணைந்து, 2015 பிப்ரவரியில் நடந்தது. இடைவெளி பதினைந்து மாதங்கள் மட்டுமே என்றாலும் 2014 என்ற ஆண்டே அதில் காணாமல் போய்விட்டது. எக்செல் சொதப்பிய அதே தேதிப் பத்திதான் கடைசியில் கைகொடுத்தது.

2018 முதல் 2025 வரையிலான வரிசைகளில் மஞ்சள் இல்லை. மேட் வாலஸ், ஸ்டீபன் கல்லாகர், மார்செல் சீம், கெய்தா நகாஜிமா, யூஜீனியோ சக்காரா என ஐந்து போட்டிகளிலும் வெளிநாட்டவரே வென்றார்கள். 2025இல் பரிசுத் தொகை 22.5 இலட்சம் டாலராக இருந்தது. ஐரோப்பாவின் முழுநேர வீரர்கள் வருகிறார்கள். திடலும் முன்புபோல் உள்ளூர்க்காரர்கள் சிறுவயது முதலே அறிந்த திடல் அன்று. இந்த மூன்றில் எது முக்கியக் காரணம் என்று கேட்டால் நான் திடலைத்தான் சொல்வேன். ஆனால் அந்தத் திடல் எவரையும் சோதிக்கும் என்பதற்கு 2019 சான்று. கல்லாகர் கடைசி நாள் ஏழாவது குழியில், நான்கில் முடிக்க வேண்டியதை எட்டு ஸ்ட்ரோக்கில் முடித்தார்; பிறகு கடைசி மூன்று குழிகளிலும் பேர்டி (நிர்ணயித்ததைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவு) அடித்து ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வென்றார். அந்தக் கட்டத்தில் மட்டும் விதிவிலக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது அட்டவணையில் 62 வரிசைகளும் ஒன்பது பத்திகளும் உள்ளன. நான்கு வரிசைகள் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கின்றன. இரண்டாமிடப் பத்தியில் 1970களின் சில கட்டங்கள் இன்னும் நிரம்பவில்லை. திடல் பத்தியில், டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் போட்டி மாறி மாறிச் சென்ற தொடக்க ஆண்டுகளை ஒவ்வொன்றாக உறுதிசெய்து வருகிறேன்; எல்லா ஆண்டுகளுக்கும் ‘டெல்லி’ என்று முதலில் இழுத்து நிரப்பிவிட்ட சோம்பேறித்தனத்துக்கு இந்த வாரம் முழுவதும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.