90 நாளும் சம்பளமும்

கலிஃபோர்னியாவில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி சம்பளம் வாங்க ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தீர்ப்புக்காக எடுத்துக்கொண்ட வழக்கு எதுவும் 90 நாளைத் தாண்டித் தன்னிடம் தேங்கிக் கிடக்கவில்லை என்று அதில் சத்தியம் செய்கிறார். தேங்கியிருந்தால் சம்பளம் கிடையாது. மாநில அரசியல் சட்டமே சொல்லும் விதி இது. அங்கே இந்த வேலை நடக்கும் விதத்தையே இந்த விதிதான் தீர்மானிக்கிறது என்பேன்.

பொதுவாக அந்த 90 நாள் ஓடத் தொடங்குவது வாய்மொழி வாதம் முடிந்த பிறகு. அதனால் கனமான வேலையை எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். மூன்று பேர் அமர்வில் ஒருவர் பொறுப்பேற்று, தன் ஆய்வு வழக்கறிஞரோடு கேஸ்கட்டைப் படித்து வரைவு எழுதுவார். மற்ற இருவரும் அதைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். தீர்ப்புக்கு இரண்டு பேர் சம்மதம் போதும். ரிவர்சைடு நகரில் உட்காரும் பிரிவு, வாதத்துக்கு முன்பே உத்தேசத் தீர்ப்பை இருதரப்புக்கும் அனுப்பிவிடுகிறது. எதிரில் நிற்கும் வக்கீலுக்கு எதை உடைக்க வேண்டும் என்றாவது தெரியும். மற்ற பல இடங்களில் இருட்டில் கல்லெறிவதுதான்.

பதவிக்கு வர, வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ 10 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். ஆளுநர் பெயர் சொல்வார். வழக்கறிஞர் மன்றத்தின் குழு ரகசியமாக விசாரிக்கும். தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், ஒரு மூத்த அமர்வுத் தலைவர் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் பெரும்பான்மையில் ஒப்புதல் தர வேண்டும். பலர் விசாரணை நீதிமன்றத்திலிருந்து வருகிறவர்கள். தற்காலிகமாக மேலே உட்கார வைக்கும் வழக்கமும் உண்டு. இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கீழே ஆட்சேபத்துக்கு நொடியில் பதில் சொல்லிப் பழகியவருக்கு, இங்கே நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது தண்டனை மாதிரி இருக்கும்.

புதிதாக வருகிறவர் வழுக்குவது ஒரே இடத்தில்: தானே மறுபடி விசாரிக்கத் தொடங்கிவிடுவது. சிவப்பு விளக்கில் கார் நின்றதா என்று இரண்டு சாட்சிகள் முரண்படுகிறார்கள். ஜூரி ஒருவரை நம்பிவிட்டது. எழுத்தில் படிக்கும்போது மற்றவர் சொன்னதே பொருத்தமாகப் படலாம். படட்டும். நம்பப்பட்டவரின் சாட்சியம் முடிவைத் தாங்கப் போதுமா என்பதுதான் கேள்வி. சட்டத்தின் பொருள் பற்றிய கேள்வி என்றால் கீழ்க்கோர்ட் சொன்னதற்குக் கட்டுப்படாமல் புதிதாகப் பார்க்கலாம். இந்த இரண்டில் எந்த அளவுகோல் என்று முதல் பக்கத்திலேயே முடிவுசெய்யாத வரைவு, மற்ற இருவரிடமும் போய்த் திரும்பி வரும்.

சில அப்பீல்கள் அந்தக் கட்டத்துக்கே வராது. சிவில் வழக்கில் அப்பீல் செய்ய, தீர்ப்புப் பதிவான அறிவிப்பு சார்பு செய்யப்பட்டால் (முறைப்படி தரப்பினரிடம் சேர்க்கப்பட்டால்) 60 நாள், இல்லையென்றால் அதிகபட்சம் 180 நாள். ஒரு நாள் தாமதமானாலும் நீதிபதிக்கு இரக்கம் காட்ட அதிகாரம் இல்லை. விசாரணையின் சுருக்கெழுத்துப் பதிவு இல்லாமல் வந்து 'சாட்சியம் போதாது' என்று வாதிட்டால், கீழ்க்கோர்ட் முடிவு சரி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பதவிக்காலம் 12 ஆண்டு. நீடிக்கலாமா என்று வாக்காளர்கள் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. வாக்களிக்கிற பலருக்கு அந்தப் பெயரே அப்போதுதான் கண்ணில் படும்.